ஒரே இரவில் இரண்டு தடைகள்: ஒரு தன்னார்வ லீக்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐந்து பேர் கொண்ட அணிகள் மோதும் ஒரு துப்பாக்கிச் சுடும் ஆட்டத்துக்கு நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறோம். சம்பளம் வாங்கும் ஊழியர் யாரும் கிடையாது. பரிசுத் தொகையும் பேருக்குத்தான். ஆனால் இங்கே நன்றாக ஆடுபவர்களைப் பெரிய அணிகள் கவனித்து அழைப்பதுண்டு. அதனால் சீசன் முடிவில் அட்டவணையில் எங்கே நிற்கிறோம் என்பது ஆடுபவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்க எங்களிடம் தனி மென்பொருள் இல்லை. ஆட்டத்தோடு வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான ஆன்டி-சீட்டையே நம்பியிருந்தோம். விதிப்புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஆட்ட நிறுவனம் ஒருவரின் அக்கவுன்ட்டைத் தடை செய்தால் அவர் லீக்கிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார், அந்த சீசனில் அவர் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் எதிரணியின் வெற்றியாகக் கொள்ளப்படும். முந்தைய சீசன்களில் தடை வாங்கியவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் காணாமல் போனார்கள். விதி நன்றாக வேலை செய்வதாகவே தோன்றியது. எதிர்த்துப் பேச வழியில்லாத இடத்தில் எந்த விதியும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

இந்த ஆய்வில் வரும் இருவரை முதலாமவர், இரண்டாமவர் என்றே குறிப்பிடுகிறேன். அணிகளின் பெயரும் ஆட்டத்தின் பெயரும் தேவையில்லை. நான் இதை விசாரித்த குழுவில் இருந்தவன்.

தடை விழுந்த இரவு

லீக் சுற்று முடிந்து அரையிறுதிக்கு நான்கு அணிகள் தேர்வாகியிருந்த வாரம். இந்த ஆட்டத்தின் நிறுவனம் தடைகளை உடனுக்குடன் போடாது. சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் கொத்தாக வெளியிடும். பல நிறுவனங்களின் வழக்கம் அதுதான், அதற்குக் காரணமும் உண்டு. ஏமாற்று மென்பொருளைப் போட்ட பத்தாவது நிமிடமே தடை விழுந்தால், அதை விற்பவருக்கு எது மாட்டிக்கொடுத்தது என்று தெரிந்துவிடும், அதைத் திருத்தி மறுநாளே புது பதிப்பு விடுவார். தாமதப்படுத்தினால் அவருக்குக் குழப்பம். அதே குழப்பம் தடை வாங்கியவருக்கும் வந்து சேர்கிறது. எந்த நாள், எந்த ஆட்டம், எந்த மென்பொருள் என்று அவருக்கும் தெரியாது.

அன்றிரவு வந்த கொத்தில் எங்கள் லீக்கைச் சேர்ந்தவர்கள் இருவர். முதலாமவர், அரையிறுதிக்குப் போயிருந்த ஓர் அணியின் ஸ்னைப்பர், அதாவது தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர். இரண்டாமவர், அட்டவணையின் நடுவில் முடித்த இன்னொரு அணியில் ஆடியவர். இருவருக்கும் நிறுவனம் காட்டிய செய்தி ஒன்றே: அனுமதிக்கப்படாத மென்பொருளைப் பயன்படுத்தியதற்காக நிரந்தரத் தடை. வேறு ஒரு விவரமும் இல்லை. அக்கவுன்ட்டின் பொதுப் பக்கத்தில் தடையின் அடையாளம் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றது.

இரவு முடிவதற்குள் இருவரும் தனித்தனியாக எங்களுக்கு எழுதினார்கள். “நான் எதுவும் செய்யலை ப்ரோ. எட்டு வருஷ அக்கவுன்ட், இதைப் போய் நானே கெடுத்துப்பேனா? டெமோவைப் பாருங்க” என்றார் முதலாமவர் (டெமோ என்பது ஆட்டத்தின் பதிவுக் கோப்பு). “சத்தியமா எதுவும் யூஸ் பண்ணலை ப்ரோ, வேணும்னா டெமோ எல்லாத்தையும் பாருங்க” என்றார் இரண்டாமவர். எது உண்மையான வருத்தம், எது நடிப்பு என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. முடியும் என்று நினைத்தவர்கள் லீக்கில் நிறைய இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் இரண்டாமவரைத்தான் நம்பினார்கள். அவர் எப்போதும் எல்லோரிடமும் நன்றாகப் பழகுபவர். முதலாமவர் தோற்றால் முகம் கொடுத்துப் பேசாத ரகம்.

மறுநாள் காலைக்குள் முதலாமவரின் பழைய ஆட்டம் ஒன்றிலிருந்து வெட்டிய சில நொடி கிளிப் எல்லோர் கையிலும் இருந்தது. சுவருக்குப் பின்னால் ஓடும் எதிரியை அவருடைய குறி அப்படியே பின்தொடர்கிறது. “இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்று அவரிடம் தோற்ற அணியின் கேப்டன் கேட்டார்.

முதல் கூட்டம்

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அதில் ஒருவருடைய அணி, முதலாமவரின் அணி நீக்கப்பட்டால் அரையிறுதிக்கு உயரும் இடத்தில் இருந்தது. அவர் தானாகவே ஒதுங்கிக்கொண்டார். லீக்கில் ஆடாத, முன்பு நடுவராக இருந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம்.

விதியின்படி பார்த்தால் பேசவே ஒன்றுமில்லை, இருவரையும் நீக்கியிருக்க வேண்டும். குழுவில் ஒருவர் அதையே சொன்னார். நிறுவனத்திடம் நம்மிடம் இல்லாத தகவல் இருக்கிறது, கணினிக்குள் ஓடியதை அது நேரடியாகப் பார்க்கிறது, நாம் யார் அதை மறுக்க என்பது அவர் வாதம். சில வகைக் கண்டுபிடிப்புகளுக்கு அது முற்றிலும் பொருந்தும். 2023 பிப்ரவரியில் டோட்டா 2 ஆட்டத்தில் அதை நடத்தும் வால்வ் நிறுவனம் செய்தது நினைவிருக்கலாம். சாதாரணமாக ஆடும்போது யாரும் ஒருபோதும் படிக்காத ஒரு தரவுப் பகுதியை ஆட்டத்துக்குள் பொறியாக வைத்தார்கள். ஏமாற்று மென்பொருள்கள் மட்டுமே அதைத் தொட்டுப் படிக்கும். தொட்ட 40,000-க்கும் மேற்பட்ட அக்கவுன்ட்கள் தடை செய்யப்பட்டன. அப்படிப் பொறியில் மாட்டியவருக்காக யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை.

எதிர்வாதமும் வால்விடமிருந்தே கிடைத்தது. 2010 ஜூலையில் கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய ஏறத்தாழ 12,000 பேரை வால்வின் ஆன்டி-சீட் தவறாகத் தடை செய்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வின் ஆட்ட விற்பனைத் தளமான ஸ்டீம் ஆட்டத்தின் கோப்பு ஒன்றை வட்டில் புதுப்பித்துவிட்டது. நினைவகத்தில் இருந்த பிரதியும் வட்டில் இருந்ததும் பொருந்தவில்லை, யாரோ கோப்பை மாற்றிவிட்டார்கள் என்று ஆன்டி-சீட் எடுத்துக்கொண்டது. வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறோர் ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்தார். 2023 அக்டோபரில் வால்வின் கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2-இல் இன்னொன்று. ஏஎம்டி நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் டிரைவரில் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) வந்த ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதி ஆட்டத்தின் எஞ்சினுக்குள் கைவைத்து வேலை செய்ததால், அதை இயக்கியவர்களுக்குத் தடை விழுந்தது. ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, வால்வ் தடைகளை நீக்கியது. அந்த ஆட்டக்காரர்கள் செய்ததெல்லாம் செட்டிங்கில் ஒரு பொத்தானை அழுத்தியதுதான்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த முன்னாள் நடுவர் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். கற்பனை எண்கள்தான், ஆனால் விவாதத்தைத் திருப்பியது அதுதான். 10 லட்சம் பேர் ஆடுகிறார்கள், அதில் 1 சதவீதம், அதாவது 10,000 பேர் ஏமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டி-சீட் அவர்களில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது: 9,500 பேர். நேர்மையாக ஆடுபவர்களில் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கிறது: மீதி 9,90,000 பேரில் 990 பேர். தடை வாங்கிய 10,490 பேரில் 990 பேர் அப்பாவிகள், பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. தவறு பத்தாயிரத்தில் ஒன்று என்று குறைந்தால் அப்பாவிகள் 99 பேர், தடை வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர். எங்களிடம் வந்திருக்கும் இருவர் எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். தவறு விகிதத்தை நிறுவனம் சொல்வதில்லை.

எடுத்த முடிவு இது. இருவரையும் நீக்கவில்லை, இடைநிறுத்தினோம். அவர்கள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் விசாரணை முடியும்வரை அப்படியே நிற்கும், ஆனால் ‘ஆய்வில் உள்ளது’ என்ற குறிப்போடு. அணிகள் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். லீக் யார் பெயரையும் அறிவிக்காது. காரணம் எளிமையானது: இடைநிறுத்தத்தைத் திரும்பப் பெறலாம், நிரந்தர நீக்கத்தை அறிவித்துவிட்டுப் பின்வாங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். விதியை மீறித்தான் இதைச் செய்தோம் என்பதையும் எழுதி வைத்தோம்.

எதிர்ப்பு வந்தது. “சீட்டருக்கு எதுக்குப் பாதுகாப்பு?” என்று கேட்டவர்களை நாங்கள் ஒதுக்கவில்லை. முதலாமவரிடம் தோற்று அரையிறுதியை இழந்த அணிக்கு உண்மையிலேயே ஒரு வழக்கு இருந்தது. ஏமாற்றி ஆடப்பட்ட ஆட்டத்தில் தோற்றவருக்கு அந்த ஆட்டம் திரும்பக் கிடைப்பதேயில்லை. தடை சரியாக இருந்தால், நாங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

டெமோக்களைப் பார்த்தது

எங்கள் சர்வரில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் டெமோ கோப்பாகச் சேமிக்கப்படும். யார் எங்கே நின்றார், எங்கே பார்த்தார், எப்போது சுட்டார் என்பதை நொடிக்கு 64 முறை பதிவு செய்யும் கோப்பு அது. கணினிக்குள் என்ன ஓடியது என்பது அதில் தெரியாது. ஏமாற்றியதன் தடம் இருந்தால் அது மட்டும் தெரியலாம்.

பார்ப்பவருக்கு முன்முடிவு வந்துவிடக் கூடாது என்பதற்காக, இருவரின் டெமோக்களோடு எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத வேறு நான்கு பேரின் டெமோக்களையும் பெயர் மறைத்துக் கலந்தோம். அனுபவமுள்ள இருவர் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். இருவருமே இரண்டாமவரின் டெமோக்களைச் சந்தேகத்துக்குரியவை என்றார்கள். ஒருவர் முதலாமவரின் ஓர் இடத்தையும் குறித்தார். அதே ஆள், குற்றச்சாட்டே இல்லாத ஒருவரின் டெமோவையும் சந்தேகம் என்று எழுதினார்! அந்த ஒரு குறிப்பு எங்களுக்குப் பெரிய உதவி செய்தது. கண்ணால் பார்ப்பதும் ஒரு கருவிதான், அதற்கும் தவறு விகிதம் உண்டு என்பதை விவாதமே இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கிளிப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை வெட்டியவர் பார்வையாளர் பயன்முறையில், சுவருக்குப் பின்னால் இருப்பவர்களின் உருவரை தெரியும்படி வைத்துப் பதிவு செய்திருந்தார். அப்படிப் பார்த்தால் யார் ஆடினாலும் சுவருக்குள் பார்த்து ஆடுவதுபோலத்தான் இருக்கும். எதிரி எங்கே என்று நமக்கு முன்பே தெரிவதால், குறி தற்செயலாக அருகில் போனாலும் தெரிந்தே போனதாகக் கண் எடுத்துக்கொள்ளும். நாங்கள் உருவரையை அணைத்துவிட்டு, அவருக்குக் கேட்ட ஒலியோடு, அவர் திரையின் சிறு வரைபடமான மினிமேப்போடு மறுபடி ஓட்டினோம். கிளிப் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அவருடைய தோழர் ஒருவர் அந்த எதிரியைப் பார்த்துவிடுகிறார், மினிமேப்பில் சிவப்புப் புள்ளி வருகிறது. பிறகு இரும்புப் படிக்கட்டில் ஓடும் காலடிச் சத்தம். அவருடைய குறி அந்தச் சத்தத்தோடு நகர்கிறது. அப்புறம் எதிரி ஓடுவதை விட்டுச் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்குகிறார். குறி நிற்கவில்லை. அதே வேகத்தில் நகர்ந்து, எதிரியைத் தாண்டி, அவர் ஓடியிருந்தால் எங்கே இருந்திருப்பாரோ அந்த இடத்துக்குப் போய்க் காத்திருக்கிறது. சுவருக்குள் பார்ப்பவர் என்றால் எதிரியின் மேலேயே குறியை நிறுத்தியிருப்பார். இவர் ஊகித்தார், ஊகம் தவறியது. கிளிப் அதற்குச் சற்று முன்பே வெட்டப்பட்டிருந்தது. வேண்டுமென்றே வெட்டினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

இதனால் முதலாமவர் நிரபராதி என்று நிரூபணமாகிவிடவில்லை. தெரிந்தே தவறவிடும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு, ஆள் இல்லாத மூலையை நடிப்புக்காகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. டெமோவால் ஒருவரைக் குற்றவாளி என்று காட்ட முடியலாம், குற்றமற்றவர் என்று காட்ட முடியாது. எங்களால் சொல்ல முடிந்தது, ஏமாற்றியதற்கான தடம் அவருடைய ஆட்டத்தில் இல்லை என்பது மட்டும்தான்.

இரண்டாமவரின் டெமோக்கள் வேறு மாதிரி. குறி எதிரியின் மேல் பட்ட ஒன்று அல்லது இரண்டு பதிவுகளுக்குள், அதாவது 15 முதல் 30 மில்லிநொடிக்குள், தோட்டா பாய்ந்தது. மனிதர் ஒன்றைக் கண்டு விரலை அழுத்தக் கிட்டத்தட்ட 200 மில்லிநொடி ஆகும். ஓரிரு முறை அப்படி நடந்தால் அதிர்ஷ்டம், முன்கூட்டியே அழுத்தியிருப்பார் என்று விடலாம். முடிவு செய்ய வைத்தது வேறோர் இடம். அவர் ஒரு வாசலை விட்டுப் பின்வாங்கி வேறு பக்கம் போவதற்காகத் திரும்புகிறார். திரும்பும் வழியில், புகைக்குப் பின்னால் இருக்கும் எதிரியின் மேல் குறி ஒரு கணம் பட்டுக் கடக்கிறது. துப்பாக்கி சுடுகிறது. அவரே திடுக்கிட்டு நின்று, எதைச் சுட்டோம் என்று திரும்பிப் பார்க்கிறார். குறி ஆள் மேல் பட்டதும் தானாகச் சுடும் டிரிகர்பாட் இப்படித்தான் நடந்துகொள்ளும். இதே மாதிரி வேறு ஆட்டங்களிலும் கிடைத்தது.

முதலாமவரின் கணினி

இரண்டாமவரிடம் அவர் கணினியைப் பற்றிக் கேட்டபோது பதில் வரவில்லை. முதலாமவர் உடனே சம்மதித்தார். அதற்கு முன்பே அவர் கணினியை ஃபார்மேட் செய்யத் தயாராக இருந்தார். வைரஸ் ஏதாவது இருந்து அதனால் தடை விழுந்திருக்குமோ என்ற பயம். செய்ய வேண்டாம் என்று தடுத்தோம். ஃபார்மேட் செய்தால் நிறுவனத்திடம் காட்ட ஒன்றுமே மிஞ்சாது, பார்ப்பவருக்கும் அது தடயத்தை அழித்ததாகவே படும்.

நிறுவியிருந்த மென்பொருள், டிரைவர் எல்லாவற்றையும் தேதியோடு பட்டியல் எடுத்தார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மென்பொருள், தடைக்குச் சில வாரம் முன்பு நிறுவியது. இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில், வன்பொருளை நேரடியாகத் தொட அனுமதிக்கும் பழைய டிரைவர் ஒன்று உள்ளே இருக்கும். வின்ரிங்0 என்பது அதில் பிரபலம். அதன் பாதுகாப்பு ஓட்டை 2020-லேயே பதிவானது. ஏமாற்று மென்பொருள் எழுதுபவர்கள் இப்படிப்பட்ட டிரைவர்களின் முதுகில் ஏறித்தான் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நுழைகிறார்கள். அதனால் ஆன்டி-சீட்கள் இவற்றைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. ஆனால் எங்கள் லீக்கில் விசாரித்தபோது, அதே மென்பொருளை வைத்திருந்தும் தடை வாங்காதவர்கள் இருந்தார்கள்.

இரண்டாவது விஷயம் சங்கடமானது. நினைவகத்தில் உள்ள எண்களைத் தேடி மாற்றும் ஒரு கருவி அவர் கணினியில் இருந்தது. தனியாக ஆடும் ஒரு பழைய ஆட்டத்தில் பணத்தைக் கூட்டிக்கொள்ள நிறுவியதாகச் சொன்னார். முதல் இரவு எங்களிடம் “எதுவுமே இல்லை” என்று சொன்னவர் அவர்தான். மறைத்தாரா, மறந்தாரா? குழுவில் கருத்து பிரிந்தது. எனக்கு மறந்தார் என்றே பட்டது. பட்டியலை அவரேதான் எடுத்து அனுப்பினார், அந்த வரியை நீக்கியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இது ஊகம் என்பதால் முடிவில் இதற்கு எடை கொடுக்கவில்லை. லீக் ஆட்டங்களின்போது அது ஓடியதா என்று உறுதிசெய்ய எங்களுக்கு வழியில்லை. கருவி கணினியில் இருப்பது ஒன்று, இந்த ஆட்டத்தில் அதைப் பயன்படுத்துவது வேறு. ஆன்டி-சீட்டுக்கு அந்த வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை.

அப்பீல்

முதலாமவர் தடை விழுந்த இரவே ஓர் அப்பீல் அனுப்பியிருந்தார். நீளமான, கோபமான கடிதம். எத்தனை வருடம் ஆடினார், எவ்வளவு செலவழித்தார், எவ்வளவு அவமானம் என்பதெல்லாம் அதில் இருந்தது. பதில் சீக்கிரமே வந்தது: மீண்டும் சரிபார்த்தோம், தடை சரியானதே, மேற்கொண்டு இதைப் பற்றி விவாதிக்க இயலாது. ஒரு மனிதர் படித்து எழுதியதற்கான அறிகுறி எதுவும் அதில் இல்லை. இரண்டாமவருக்கும் எழுத்து மாறாமல் அதே பதில் வந்ததாக அவருடைய கேப்டன் பிறகு சொன்னார்.

இரண்டாவது அப்பீலை எழுத நாங்கள் உதவினோம். அவர் நல்லவர் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. உணர்ச்சியை எல்லாம் எடுத்துவிட்டு, நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் கையில் கிடைத்தால் பயன்படக்கூடியதை மட்டும் வைத்தோம்: மென்பொருள்களின் பதிப்பு எண், டிரைவர் கோப்புகளின் பெயர், நிறுவிய தேதி, கடைசி வாரங்களில் ஆடிய நேரங்கள். நினைவகக் கருவியையும் மறைக்காமல் எழுதச் சொன்னோம். அவர் தயங்கினார், ‘நானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா’ என்றார். நிறுவனத்துக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம், நீங்கள் சொல்லாமல் விட்டு அவர்கள் கண்டுபிடித்தால்தான் மோசம் என்று சொன்னோம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: இந்தத் தடையை ஒரு மனிதர் பார்த்து உறுதிசெய்தாரா?

ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் தர மாட்டார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. எதை வைத்துப் பிடித்தோம் என்று ஒருவருக்குச் சொன்னால், அது மறுநாள் விற்பனையாளர் கைக்குப் போகும். அந்த ரகசியம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபரில் ஒரு பாடம் கிடைத்தது. கால் ஆஃப் டூட்டியின் ரிகோஷே ஆன்டி-சீட் நினைவகத்தில் சில சொற்களைத் தேடுகிறது என்று கண்டுகொண்ட ஒருவர், அந்தச் சொற்களை ஆட்டத்துக்குள் மற்றவர்களுக்குச் செய்தியாக அனுப்பியே அவர்களுக்குத் தடை வாங்கிக்கொடுத்ததாகச் சொன்னார். தன் கண்டுபிடிப்பு முறை ஒன்று ஏய்க்கப்பட்டதையும், அதனால் நேர்மையான அக்கவுன்ட்கள் சில பாதிக்கப்பட்டதையும் அந்த ஆட்டத்தின் நிறுவனமான ஆக்டிவிஷன் ஒப்புக்கொண்டு அவற்றை மீட்டுக்கொடுத்தது. ரகசியம் காக்க வேண்டியதுதான். ஆனால் ஆதாரத்தை மறைப்பதற்கும், ஒரு மனிதரைக்கூட மறுபடி பார்க்க வைக்காமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. கவுன்ட்டர்-ஸ்டிரைக்கில் முன்பு இருந்த ஓவர்வாட்ச் முறையில் இயந்திரக் கற்றல் சந்தேகப்பட்ட ஆட்டங்களை அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். இயந்திரம் கைகாட்டும், முடிவை மனிதர் எடுப்பார். அந்த வரிசை செய்ய முடியாத ஒன்றல்ல.

என்ன நடந்தது

இரண்டாமவரின் விசாரணை முதலில் முடிந்தது. அந்த வாசல் காட்சியை அவருக்கும் அவர் கேப்டனுக்கும் காட்டி விளக்கம் கேட்டோம். மவுஸ் பழுது என்றார். பழுதான மவுஸ் எதிரி இல்லாத இடத்திலும் சுட வேண்டுமே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசிவரை அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் டெமோ ஆதாரத்தின் பேரில் அவரை நீக்கினோம், நிறுவனத்தின் தடையை முடிவுக் குறிப்பில் காரணமாகக் காட்டவில்லை. அவர் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் மாற்றப்பட்டன. அவருடைய தோழர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை, அதனால் அவர்கள் மேல் நடவடிக்கை இல்லை.

முதலாமவரின் அணி மாற்று ஸ்னைப்பரோடு அரையிறுதி ஆடித் தோற்றது. இறுதி ஆட்டமும் முடிந்து, கோப்பை கொடுத்து, சீசனையே மூடிய பிறகுதான் நிறுவனத்திடமிருந்து இரண்டு வரி வந்தது: உங்கள் அக்கவுன்ட் மறுஆய்வு செய்யப்பட்டது, தடை நீக்கப்பட்டுள்ளது. காரணம் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. விசிறி மென்பொருளா, நினைவகக் கருவியா, இரண்டுமே இல்லாத வேறொன்றா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்றே இடைநிறுத்தத்தை நீக்கினோம். அவர் அணியின் முடிவுகள் உறுதிசெய்யப்பட்டன. அவருடைய சம்மதத்தோடு, தடை நீக்கப்பட்டதையும் எங்கள் ஆய்வில் ஏமாற்றியதன் தடம் கிடைக்கவில்லை என்பதையும் அறிவித்தோம். அந்தக் கிளிப்பின் முழு நீளத்தையும், அவர் குறி எதிரியைத் தாண்டிப் போகும் இடம்வரை, வெளியிட்டோம். அறிவிப்பைப் படித்தவர்களைவிட முதல் கிளிப்பைப் பார்த்தவர்கள் அதிகம். பொது ஆட்டங்களில் அவரை இப்போதும் சிலர் ‘சீட்டர்’ என்று அழைக்கிறார்கள். அடுத்த சீசனுக்கு அவர் பெயர் கொடுக்கவில்லை.

மாற்றியவை

அந்த ஒற்றை வரி விதி போய்விட்டது. இப்போது நிறுவனத்தின் தடை என்பது விசாரணையைத் தொடங்கி வைக்கும் காரணம், அவ்வளவுதான். தடை விழுந்தால் உடனே இடைநிறுத்தம். நீக்க வேண்டுமானால் எங்கள் சர்வர் ஆதாரம் வேண்டும், அல்லது அப்பீல் முழுதாக முடிந்து, அதற்கு மாறாகச் சொல்ல ஆட்டக்காரரிடம் எதுவும் இல்லாதிருக்க வேண்டும். பெயர் மறைத்துக் கலந்து டெமோ பார்க்கும் முறையை நிரந்தரமாக்கினோம். உருவரை தெரியும்படி எடுத்த கிளிப்களைப் புகாரோடு ஏற்பதில்லை. டெமோ கோப்பும் நேரமும் கொடுத்தால் போதும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இதை அறிவித்ததும் புகார்களின் எண்ணிக்கை குறைந்தது, தரம் கூடியது.

சீசன் தொடங்கும்போதே ஆட்டக்காரர்கள் தங்கள் கணினியின் மென்பொருள் பட்டியலை எடுத்துத் தங்களிடமே வைத்துக்கொள்ளும்படி சொல்கிறோம். எங்களுக்கு அனுப்ப வேண்டாம். தடை விழுந்த பிறகு பதற்றத்தில் எடுக்கும் பட்டியலைவிட, முன்பே தேதியோடு இருக்கும் பட்டியலுக்கு அப்பீலில் மதிப்பு அதிகம். நினைவகத்தை மாற்றும் கருவி எதையும் ஆடும் கணினியில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

தண்டனைகளையும் படிநிலையாக்கினோம். விசைப்பலகையின் தானியங்கி வசதிகளைப் போல எல்லைக்கோட்டில் இருப்பவற்றுக்கு, 2024 ஆகஸ்டில் வால்வ் கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2-இல் செய்ததை மாதிரியாக எடுத்துக்கொண்டோம். அங்கே அப்படி ஆடுபவர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார், அக்கவுன்ட் பறிபோவதில்லை. எங்களிடமும் முதல்முறை என்றால் அந்த ஆட்டம் மட்டும் போகும்.

இன்னும் முடியாதது

குறுகிய சீசனில் இடைநிறுத்தமே பெரிய தண்டனை. முதலாமவரை நாங்கள் குற்றவாளி என்று சொல்லவில்லை, ஆனால் அரையிறுதியை அவர் வெளியே இருந்துதான் பார்த்தார். ஆட்டத்தையே தள்ளிவைத்திருக்கலாமே என்று அவருடைய கேப்டன் கேட்டார். தள்ளிவைத்தால் மற்ற மூன்று அணிகளும், நிறுவனம் எப்போது பதில் எழுதுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவர் முன்னிலையில் லீக் கொடுக்கும் கணினியில், லீக் கொடுக்கும் அக்கவுன்ட்டில் ஆட விடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்தபடி ஆடும் லீக்கில் அந்தக் கணினியை எங்கே வைப்பது என்பது ஒருபுறம். இன்னொருபுறம், தடை பெற்றவர் வேறோர் அக்கவுன்ட்டில் ஆடுவதைப் பல ஆட்டங்களின் ஒப்பந்தமே தடுக்கிறது. அதை மீறினால் நிறுவனம் லீக்கின் அக்கவுன்ட்களையும் சேர்த்துத் தடை செய்யலாம். இதற்கு அனுமதி கேட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அதுவரை அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் ஒரு வாரம்வரை தள்ளிவைக்கலாம் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறோம். அந்த ஒரு வாரம் எதற்கும் போதாது என்று குழுவில் ஒருவர் இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்.